சிகாகோ மாநாட்டுல சொன்ன கேன்சர் மருந்து எங்கப்பாவுக்கு ஒத்துவருமா?

கேள்வி: டாக்டர் வணக்கம். எங்கப்பாவுக்கு 56 வயசு. மோஷன்ல ரத்தம் வந்துட்டே இருந்துச்சு, மூலம்னு நினைச்சு ரொம்ப நாள் விட்டுட்டோம், இப்ப ஸ்கோப் பண்ணி பயாப்சி எடுத்ததுல மலக்குடல் கேன்சர், ஸ்டேஜ் 3னு சொல்றாங்க. கீமோ, ரேடியேஷன், அப்புறம் ஆபரேஷன், வயித்துல நிரந்தரமா பை வைக்க வேண்டி வரலாம்னும் சொல்லிட்டாங்க. பைன்னு கேட்டதுல இருந்து அப்பா யார்கிட்டயும் சரியா பேசறதில்ல. இந்த நேரத்துல சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்பினார். அமெரிக்காவுல சிகாகோ மாநாட்டுல ஒரு இம்யூனோதெரபி மருந்து பத்தி சொன்னாங்களாம், போட்ட அத்தனை பேருக்கும் கேன்சர் மறைஞ்சு போச்சாம், ஆபரேஷனே வேண்டாமாம். இது நிஜமா? ரேடியேஷன் சீக்கிரம் ஆரம்பிக்கணும்கிறாங்க, தள்ளிப் போடலாமா? ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கு, அத வித்தாவது அந்த மருந்த வாங்கிடலாம்னு அண்ணன் சொல்றான். இல்ல இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தானா?
– ஒரு மகள், கடலூர் மாவட்டம்

பதில்: வணக்கம்மா. அவசரமானத முதல்ல சொல்லிடறேன், மீதிய அப்புறமா பொறுமையா படிங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, "அப்பாவோட பயாப்சில எம்எம்ஆர் டெஸ்ட் பண்ணியாச்சா, பண்ணலைன்னா உடனே அனுப்ப முடியுமா, அந்த ரிசல்ட் வந்தப்புறம் ரேடியேஷன் ஆரம்பிக்கலாமா"ன்னு கேளுங்க. அவ்வளவுதான். எம்எம்ஆர்ங்கிறது செல்லுல டிஎன்ஏ பிழையத் திருத்தற ஏற்பாடு, கீழ விவரமா சொல்றேன்; அந்த டெஸ்ட்ட வச்சுத்தான் நீங்க கேட்ட மத்த எல்லாத்துக்கும் பதிலே இருக்கு. நிலத்த இப்போதைக்கு யாரும் தொடவேண்டாம், அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க.

இப்ப வாட்ஸ்அப் விஷயம். அது பொய் இல்ல, நிஜமாவே நடந்தது. 2022 ஜூன் மாசம் சிகாகோவுல அஸ்கோங்கிற அமெரிக்க கேன்சர் டாக்டர்கள் சங்கத்தோட மாநாடு நடந்தப்ப, நியூயார்க்ல இருக்கற மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் கேன்சர் சென்டர்ல இருந்து ஆண்ட்ரியா செர்செக்ங்கிற டாக்டர் ஒரு ரிசல்ட் சொன்னாங்க, லூயிஸ் டயஸும் அவங்களும் சேர்ந்து நடத்தின ட்ரையல் அது. மருந்து பேரு டோஸ்டார்லிமாப். மூணு வாரத்துக்கு ஒரு தடவை 500 மில்லிகிராம், ஆறு மாசம், மொத்தம் ஒம்பது டோஸ். சிகிச்சைய முழுசா முடிச்ச 12 பேருக்கும் கட்டி இருந்த அடையாளமே இல்ல, ஸ்கோப்ல பார்த்தாங்க, எம்ஆர்ஐல பார்த்தாங்க, பெட் ஸ்கேன்ல பார்த்தாங்க, பயாப்சியும் எடுத்துப் பார்த்தாங்க, எதுலயும் இல்ல. அவங்கள்ல ஒருத்தருக்குக்கூட ரேடியேஷன், ஆபரேஷன் எதுவும் தேவைப்படல. மலக்குடல் கேன்சருக்கு வைத்தியம் பாக்கற எங்களுக்கு அந்த ஸ்லைடைப் பார்த்தப்ப எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, ஏன்னா இந்த நோய்ல உயிரைக் காப்பாத்தினதுக்கு அப்புறமும் பை, மோஷன அடக்க முடியாத கஷ்டம், ஆம்பளைங்களுக்கு செக்ஸ்ல வர்ற பிரச்சனை, சின்ன வயசுப் பொண்ணுங்களுக்குக் குழந்தை பெத்துக்க முடியாம போறதுன்னு, நாங்க குடுத்த வைத்தியத்தால வர்ற கஷ்டங்களையே அவங்க வாழ்நாள் பூரா சுமக்கறாங்க.

அதுக்கப்புறமும் அது பொய்யாப் போகல. 2024 அஸ்கோவுல 42 பேர்னு சொன்னாங்க, 42 பேருக்கும் அதே ரிசல்ட். 2025 ஏப்ரல்ல ஏஏசிஆர்ங்கிற அமெரிக்க கேன்சர் ஆராய்ச்சி சங்கத்தோட மாநாடு, அதுவும் சிகாகோலதான், அதுல 49 பேர்னு ஆச்சு, 49 பேருக்கும் கட்டி போயிடுச்சு. மலக்குடல் இல்லாம வயிறு, பெருங்குடல் மாதிரி மத்த இடங்கள்ல கேன்சர் இருந்த 54 பேருக்கும் அதே மருந்து குடுத்துப் பார்த்தாங்க, அதுல 35 பேருக்கு முழுசா மறைஞ்சுது. ரெண்டு வருஷம் ஆகியும் நோய் திரும்பாதவங்க மொத்தத்துல 92 சதவீதம். 100 இல்ல, 92. மறைஞ்சிடுச்சுங்கிறதும் இனிமே வரவே வராதுங்கிறதும் ஒண்ணு இல்லைங்கிறதால இந்த நம்பரையும் சேர்த்து சொல்றேன், இவங்கள்லாம் விடாம ஸ்கோப்பும் ஸ்கேனும் பண்ணிட்டேதான் இருக்கணும்.

அந்த மெசேஜ்ல ஒரு வரி விட்டுப்போயிருக்கும், எனக்கு வந்த ஃபார்வேர்ட்லயும் அது இல்ல. இந்த ட்ரையல்ல சேர்த்தது எல்லா மலக்குடல் கேன்சர் நோயாளிகளையும் இல்ல. கட்டில எம்எம்ஆர் குறைபாடு இருந்தவங்கள மட்டும்தான். மலக்குடல் கேன்சர் வர்றவங்கள்ல இது 5ல இருந்து 10 சதவீதம் பேருக்குத்தான் இருக்கும்.

அது என்னன்னு சொல்றேன். நம்ம செல்லு ஒவ்வொரு தடவையும் ரெண்டாப் பிரியறப்ப டிஎன்ஏவ காப்பி எடுக்கும், அதுல எழுத்துப் பிழை வந்தா திருத்தறதுக்குன்னு நாலு முக்கியமான ப்ரோட்டீன் இருக்கு, எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6. இதுல ஏதாவது வேலை செய்யலைன்னா பிழை ஆயிரக்கணக்குல குமிஞ்சிடும், அப்படித்தான் அந்த கேன்சரே வருது. ஆனா அதே பிழைங்கதான் அந்த செல்ல நம்ம உடம்புக்கு அந்நியமா காட்டியும் குடுக்குது. நோய் எதிர்ப்பு செல்லுங்க அத அடையாளம் கண்டுபிடிச்சு வந்து சுத்தி நிக்கும், ஆனா அடிக்காது, ஏன்னா பிடி-1னு ஒரு பிரேக்க கேன்சர் அழுத்திப் பிடிச்சிட்டு இருக்கும். டோஸ்டார்லிமாப், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இதெல்லாம் அந்த பிரேக்க எடுத்துவிடற மருந்துங்க, வேற ஒண்ணும் இல்ல, இந்த மருந்து நேரா கேன்சரத் தாக்கறதில்ல. இந்த மாதிரி பிரேக்குகளக் கண்டுபிடிச்சதுக்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018ல நோபல் குடுத்தாங்க. அப்ப சுத்தி நிக்கறதுக்கு ஆளே இல்லாத கட்டில பிரேக்க எடுத்து என்ன ஆகப்போகுது? மீதி 90 சதவீதத்துக்கு மேல இருக்கறவங்களோட கட்டி பெரும்பாலும் அப்படித்தான்.

இதுவும் ஒரே நாள்ல தெரியவந்தது இல்லம்மா. ஆரம்ப காலத்துல பிடி-1 மருந்துகள குடல் கேன்சர் நோயாளிகள் 33 பேருக்குக் குடுத்துப் பார்த்தாங்க, ஒரே ஒருத்தருக்குத்தான் வேலை செஞ்சுது. குடல் கேன்சருக்கு இது சரிப்படாதுன்னு மூடி வச்சிருக்கலாம். ஆனா ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல அந்த ஒருத்தருக்கு மட்டும் ஏன் வேலை செஞ்சுதுன்னு பின்னாடியே போனாங்க, அவர் கட்டில எம்எம்ஆர் குறைபாடு இருந்துது. அத வச்சு டுங் லேங்கிற டாக்டரும், மேல சொன்ன அதே டயஸும் சேர்ந்து ஒரு சின்ன ட்ரையல் பண்ணி 2015 அஸ்கோவுல ரிசல்ட் சொன்னாங்க. முத்தின குடல் கேன்சர்ல எம்எம்ஆர் குறைபாடு இருந்த 10 பேர்ல 4 பேருக்கு கட்டி சுருங்குச்சு, குறைபாடு இல்லாத 18 பேர்ல ஒருத்தருக்குக்கூட சுருங்கல. 18க்கு சைபர். எனக்கு 12க்கு 12ங்கிற நம்பர விட இந்த சைபர் பெரிய விஷயம், ஏன்னா யாருக்குக் குடுக்கக்கூடாதுன்னு தெரிஞ்சாதான் நிலத்த வித்து வாங்கின மருந்து வீணாப் போகாம இருக்கும், அதவிட முக்கியமா, வேற வைத்தியத்துல குணமாகியிருக்க வேண்டிய ஒருத்தர் இந்த மருந்துக்காக காத்திருந்து காலத்த இழக்காம இருப்பார்.

இப்ப டெஸ்டுக்கு வருவோம். புதுசா ஊசி குத்தி எடுக்க வேண்டியதில்ல, ஏற்கனவே எடுத்த பயாப்சிய மெழுகு பிளாக்கா லேப்ல வச்சிருப்பாங்க, அதுல இருந்தே மெல்லிசா சீவி சாயம் போட்டுப் பார்ப்பாங்க, ஐஹெச்சின்னு சொல்லுவாங்க. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள, சில ஆயிரம் ரூபாய்ல முடிஞ்சிடும். உங்க ஆஸ்பத்திரில வசதி இல்லைன்னா அந்த பிளாக்க வாங்கிட்டுப் போய் வெளில குடுக்கலாம், அது நோயாளியோட சொத்து மாதிரி, தயங்காம கேளுங்க. முக்கியமா, இத ரேடியேஷனுக்கு முன்னாடி எடுத்த பயாப்சிலதான் பண்ணணும். கீமோ ரேடியேஷன் முடிஞ்சப்புறம் எடுத்த துண்டுல பார்த்தா சில சமயம் எம்எஸ்ஹெச்6 குறைஞ்சு தெரிஞ்சு குழப்பும், சிலருக்குப் பார்க்கறதுக்கு கட்டியே மிச்சம் இருக்காது.

குடல்லயும் மலக்குடல்லயும் கேன்சர்னு வர்ற ஒவ்வொரு பயாப்சிக்கும் வீட்டுக்காரங்க கேக்காமலே இத பண்ணணும்கிறது என் உறுதியான கருத்து. கையில குடுக்கற ரிப்போர்ட்ல இந்த ஒரு வரி இல்லைன்னா அந்த ரிப்போர்ட் முடியலைன்னுதான் அர்த்தம்.

ரேடியேஷன தள்ளிப் போடலாமான்னு கேட்டீங்க. இந்த டெஸ்ட் ரிசல்டுக்காக ஒரு வாரம் பத்து நாள்னா உங்க டாக்டரும் ஒத்துக்குவார், ரேடியேஷன் பிளானிங்குக்கே அவ்வளவு நாள் ஆகும், அது ஒரு பக்கம் நடக்கட்டும். அமெரிக்காவுல இருந்து மருந்து வரும், யாரோ ஏற்பாடு பண்றேன்னு சொல்லியிருக்காங்கன்னு மாசக்கணக்குல உக்காந்துடாதீங்க. ஸ்டேஜ் 3ங்கிறது குணமாக்கிடலாம்னு நம்பி வைத்தியம் பண்ற கட்டம், அந்தக் காலத்த வீணாக்கிடக்கூடாது.

ரிசல்ட்ல நாலு ப்ரோட்டீனும் இருக்குன்னு வந்தா, அதுக்குத்தான் வாய்ப்பு ரொம்ப அதிகம், நீங்க மனசொடிஞ்சு போகவேண்டாம். பை வைக்காம தப்பிக்கறதுக்கு இம்யூனோதெரபி மட்டும்தான் வழின்னு அந்த மெசேஜப் படிச்சா தோணும், அப்படி இல்ல. பிரேசில்ல ஆஞ்சலிடா ஹாப்ர்-காமான்னு ஒரு சர்ஜன், கீமோ ரேடியேஷன்லயே கட்டி முழுசா மறைஞ்சவங்களுக்கு ஏன் ஆபரேஷன் பண்ணணும்னு கேட்டு, பண்ணாம விட்டு, கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பார்த்து 2004ல ரிசல்ட் வெளியிட்டாங்க. அப்ப அவங்கள நம்பாதவங்கதான் அதிகம். இப்ப அது வாட்ச் அண்ட் வெயிட்னு உலகம் பூரா நடக்குது. ஓப்ரான்னு ஒரு ட்ரையல், மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்ல இருந்தே ஹூலியோ கார்சியா-அகிலார் நடத்தினது, அதுல கீமோ ரேடியேஷன் ரெண்டையும் ஆபரேஷனுக்கு முன்னாடியே முழுசாக் குடுத்தாங்க, இந்த முறைக்கு டிஎன்டின்னு பேரு, ரேடியேஷன முதல்ல குடுத்து கீமோவ பின்னாடி குடுத்த குரூப்ல மூணு வருஷம் கழிச்சும் பாதிக்கு மேல பேர் மலக்குடல இழக்காம இருந்தாங்க, 53 சதவீதம். கீமோ முதல்ல போன குரூப்ல 41 சதவீதம். இத உங்கப்பாவோட டாக்டர்கிட்ட பேருசொல்லியே கேளுங்க, டிஎன்டி எங்கப்பாவுக்கு ஒத்துவருமா, எந்த வரிசைல குடுக்கறீங்க, கட்டி மறைஞ்சா வாட்ச் அண்ட் வெயிட் பண்ற வழக்கம் உங்ககிட்ட இருக்கான்னு. மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கோப்புக்கு வரணும், ஒருதடவைகூட தவறக்கூடாது, அதுக்கு முடியும்னா மட்டும் பேசுங்க.

ஏதாவது ப்ரோட்டீன் இல்லைன்னு வந்தா கதையே மாறிடும். அப்ப ரேடியேஷன நிறுத்தி வச்சுட்டு, இந்த நோய பெரிய அளவுல பார்க்கற சென்டருக்கு, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சிஎம்சி, ஜிப்மர்னு எது உங்களுக்குக் கிட்டமோ அங்க ட்யூமர் போர்ட்ல, அதாவது பல துறை டாக்டர்கள் சேர்ந்து உக்காந்து பேசற கூட்டத்துல, வச்சு முடிவு பண்ணச் சொல்லுங்க. கடலூர்ல இருந்து ஜிப்மர் பக்கம்தான். டோஸ்டார்லிமாப்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்காதீங்க, பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ரெண்டும் அதே பிடி-1 வேலையச் செய்யறதுதான், நம்ம நாட்டுல ஏற்கனவே கிடைக்குது, அமெரிக்க கேன்சர் சென்டர்கள் கூட்டமைப்பான என்சிசிஎன் போட்ட வைத்திய வழிகாட்டில இந்த வகை மலக்குடல் கேன்சருக்கு மூணையுமே சொல்லியிருக்காங்க. விலை லட்சக்கணக்குலதான் இருக்கும், ஒளிக்க விரும்பல. ஆனா கம்பெனிங்களோட நோயாளி உதவித் திட்டம் இருக்கு, ட்ரையல்ல சேர்ந்தா பொதுவா ஆராய்ச்சி மருந்துக்கு காசு வாங்கமாட்டாங்க, இந்தியாவுல நடக்கற ட்ரையல் எல்லாம் சிடிஆர்ஐ பதிவேட்ல இருக்கும். ஆஸ்பத்திரி மெடிக்கல் சோஷியல் வொர்க்கர்கிட்ட இதையெல்லாம் கேட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் நிலத்தப் பத்தின பேச்சே வரணும்.

சைடு எஃபெக்டே இல்லாத மருந்துன்னு அந்த மெசேஜ்ல இருந்திருக்கும். முடி கொட்டாது, வாந்தி கீமோ அளவுக்கு இருக்காது, அது உண்மை. முதல் ட்ரையல்ல யாருக்கும் பெரிய அளவுல தொந்தரவு வரல, அதுவும் உண்மை. ஆனா பிரேக் எடுத்த எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்கற வாய்ப்பு இந்த வகை மருந்து எல்லாத்துலயும் இருக்கு. தைராய்டு அடிபடும், குடல் புண்ணாகி பேதி நிக்காம போகும், நுரையீரல் ஈரல் வீங்கலாம், அபூர்வமா இதயத்தசையே வீங்கும். மருந்து போட்டுட்டு வீட்டுக்கு வந்தப்புறம் நாள் முழுக்க பேதியானாலோ மூச்சு வாங்கினாலோ பக்கத்து மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடாம உடனே கேன்சர் டாக்டருக்குப் போன் பண்ணணும், சீக்கிரம் ஸ்டீராய்டு குடுத்தா பெரும்பாலும் அடங்கிடும்.

இன்னொண்ணு, இது உங்களுக்கும் அண்ணனுக்கும். மலக்குடல்ல எம்எம்ஆர் குறைபாடு வந்தா அது பெரும்பாலும் லிஞ்ச் சிண்ட்ரோம்ங்கிற பரம்பரை விஷயமா இருக்கும், பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் அது வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவோட கூடப் பொறந்தவங்க யாருக்காவது சின்ன வயசுல குடல்லயோ, அத்தைங்களுக்கு கர்ப்பப்பைலயோ கேன்சர் வந்துதான்னு வீட்ல விசாரிச்சு வைங்க. ஜெனடிக் டெஸ்ட்ல உங்களுக்கு இருக்குன்னு தெரிஞ்சா 20, 25 வயசுல இருந்தே ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கொலனோஸ்கோப்பி பண்ணிட்டு வந்தா கேன்சர் ஆகறதுக்கு முன்னாடியே புடிச்சிடலாம்.

மாநாட்டுச் செய்திய எப்படி எடுத்துக்கறதுங்கிறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 2017ல எபகாடோஸ்டாட்னு ஒரு மருந்து, பெம்ப்ரோலிசுமாப் கூட சேர்த்துக் குடுத்தா மெலனோமாங்கிற தோல் கேன்சர்ல பாதிக்கு மேல பேருக்கு கட்டி சுருங்குதுன்னு ஐரோப்பாவோட எஸ்மோ மாநாட்டுல சொன்னாங்க, எல்லாருக்கும் அவ்வளவு நம்பிக்கை. அப்புறம் 700 பேருக்கு மேல சேர்த்து குலுக்கல் முறைல ரெண்டு குரூப்பாப் பிரிச்சு பெரிய ட்ரையல் நடத்தினா, அந்த மருந்து சேர்த்தவங்களுக்கும் சேர்க்காதவங்களுக்கும் வித்தியாசமே இல்ல, 2018 அஸ்கோவுல அதே மாதிரி மேடைல அதையும் சொன்னாங்க. தோத்ததையும் மேடை ஏறி சொல்றாங்களே, அதனாலதான் இந்த மாநாடுகள் மேல எனக்கு மரியாதை. இனிமே இந்த மாதிரி மெசேஜ் வந்தா எத்தனை பேர், எந்த வகைக் கட்டி, எவ்வளவு நாள் பார்த்தாங்க, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குரூப் இருந்துதான்னு மட்டும் தேடுங்க. டோஸ்டார்லிமாப் ட்ரையல்ல ஒப்பீட்டு குரூப் கிடையாது, ஆனா கட்டி தானா மறையற நோய் இல்ல இது, அதனால அங்க அது பெரிய குறை இல்லைன்னு நான் நினைக்கறேன். இம்யூனிட்டி பூஸ்டர்னு விக்கற பவுடர், லேகியம், கஷாயம் எதுக்கும் இந்த இம்யூனோதெரபிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சொந்தக்காரங்க அடுத்தது அதத்தான் கொண்டு வருவாங்க, தயவுசெஞ்சு வாங்காதீங்க.

வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தானான்னு கேட்டது எனக்கு மனசுல தச்சுது. அதே 2022 சிகாகோ அஸ்கோவுல மும்பை டாட்டா மெமோரியல் டாக்டர்களும் ஒரு ரிசல்ட் சொன்னாங்கம்மா, நம்ம ஊர் வாட்ஸ்அப்ல அது வரல. வாய், தொண்டைக் கேன்சர் முத்திப் போனவங்க, இம்யூனோதெரபி வாங்க வசதியே இல்லாதவங்க, அவங்களுக்கு விஜய் பாட்டில், வனிதா நொரோனா, குமார் பிரபாஷ் இவங்க டீம் நிவோலுமாப வெறும் 20 மில்லிகிராம் மூணு வாரத்துக்கு ஒரு தடவை, விலை கம்மியான மூணு மாத்திரைங்களோட சேர்த்துக் குடுத்தாங்க. வழக்கமான டோஸ் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 240 மில்லிகிராம். 151 பேர், குலுக்கல் முறைல ரெண்டு குரூப். மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்கள்ல ஒரு வருஷம் தாண்டினவங்க 16.3 சதவீதம், இந்தச் சின்ன டோஸ் சேர்த்தவங்கள்ல 43.4 சதவீதம். மும்பைல பொது மருத்துவமனைக்கு வர்ற ஏழை நோயாளிய மனசுல வச்சு யோசிச்ச கேள்வி அது. உங்கப்பாவோட நோய் வேற, அதனால இந்தக் குறைஞ்ச டோஸ அவருக்குப் போடச் சொல்லிக் கேக்காதீங்க, ஆனா வாய் கேன்சர் இருக்கற யாராவது தெரிஞ்சவங்க இருந்தா அவங்க டாக்டர்கிட்ட இதக் கேக்கச் சொல்லுங்க.

அப்பாகிட்ட பேசறப்ப பை உறுதின்னு இன்னும் யாரும் சொல்லலைங்கிறத சொல்லுங்க, அது கட்டி ஆசனவாய்க்கு எவ்வளவு பக்கத்துல இருக்கு, வைத்தியத்துக்கு எவ்வளவு சுருங்குதுங்கிறதப் பொறுத்தது, சிலருக்கு சில மாசத்துக்கு மட்டும் வச்சுட்டு எடுத்துடுவாங்க. நிரந்தரமா வச்சவங்களும் வயல் வேலை, பஸ் பயணம்னு எல்லாம் பண்றாங்க, ஆஸ்பத்திரில பைய பராமரிக்கச் சொல்லித்தர்ற ஸ்டோமா நர்ஸ் இருந்தா அப்படி ஒருத்தரோட அப்பாவ பேச வைக்கச் சொல்லிக் கேளுங்க, நாங்க டாக்டருங்க பத்து தடவை சொல்றத விட அது நல்லா எடுபடும்.

டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல கட்டி ஆசனவாய்ல இருந்து எத்தனை சென்டிமீட்டர்னு போட்டிருக்கோ அதையும் சேர்த்து அனுப்புங்க, அடுத்து டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு சொல்றேன்.